நாப்பதாம் நம்பர்

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், உள்ள வாங்க. மணி அஞ்சே கால். நாலு மணிக்கே ஆள் வந்துருவாங்கன்னு சொன்னாங்க உங்க ஆபீசுல. பரவால்லீங்க, வந்தீங்களே, அதுவே போதும். ஒண்ணே ஒண்ணு முன்கூட்டியே சொல்லிப் போடறேன். ஆறு மணிக்குள்ள சரியாயிரோணும். ஆறு மணின்னா ஆறு மணி. உங்களுக்குத் தலை நரைச்சிருக்குது, ஆனா எனக்கு எழுவத்தி மூணு, அதனால தம்பின்னுதான் கூப்படுவேன், தப்பா நெனைக்காதீங்க.

மோடம் அதோ, சாமி படத்துக்குப் பக்கத்துல. நான் எந்திரிச்சு வந்து காட்டோணும்னா வாக்கரைப் புடிக்கோணும், ரெண்டு முட்டியும் போச்சு. வாசப்படி தாண்டியே எட்டு மாசமாச்சு. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். தனியா இருக்கறவன் வாய் சும்மா இருக்காதுங்க.

தொந்தரவு என்னன்னா, நாள் பூரா நல்லாத்தான் ஓடுது. காலைல ராசிபலன் பாக்கறேன், மத்தியானம் பேப்பர் பாக்கறேன். சாயங்காலம் ஆறு அடிச்சாப் போதும், எம்பட போன் செத்துப் போகுது. மேல அந்த வைஃபை குறி முழுசா நின்னுட்டேதான் இருக்குது, உள்ள ஒண்ணும் வர்றதில்ல. ஆறரைக்குத் தானா உசுரு வந்துருது. இருவத்திரண்டு நாளா இதே கூத்து. அந்த அரை மணி நேரத்துலதானுங்க எம் பேத்தி கூப்படறா.

தன்விகா. இன்னிக்கு ஏழு முடியுது. ஆமாங்க, இன்னிக்குத்தான் பொறந்தநாள். ஓசூர்ல இருக்கறா, எம் பையன் நந்தகோபாலோட. பையனுக்கும் எனக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல். அவன் என்கூடப் பேசறதில்ல. பாப்பா மட்டும் தெனமும் ஆறு மணிக்கு வீடியோல கூப்படுவா, எடுத்துப் பேசிக்கங்கன்னான். அவ ஏதாச்சும் படம் வரைஞ்சு வெச்சுட்டு, தாத்தாகிட்டக் காட்டோணும்னு உக்காந்திருப்பாளாம். இந்தச் சனியன் புடிச்ச லைன் ஆறு மணிக்குப் படுத்துக்குது. ஆறு முப்பத்தி ஒண்ணுக்கு அவன்கிட்ட இருந்து மெசேஜ் வருது: ‘பாப்பா கூப்பிட்டா. நீங்க எடுக்கல.’ நான் ‘லைன் வீக்’னு போட்டேன். அதுக்கு என்ன எழுதுனான் தெரியுங்களா? ‘அந்த வார்த்தையை எனக்கு எழுதாதீங்கப்பா’ன்னு எழுதுனான்.

நேத்து வந்ததைப் படிக்கறேன் கேளுங்க. ‘நாளைக்கு அவ பொறந்தநாள். நாளைக்கும் நீங்க எடுக்கலைன்னா இனிமே கூப்பட வைக்க மாட்டேன். தெனமும் அழுதுட்டே தூங்கறா.’

வேற நேரம் கேக்கறதுதானேங்கறீங்களா? பெத்தவன் போயிக் கெஞ்சறதாங்க? செல் டவருமில்ல இந்த வீட்டுக்குள்ள. பள்ளத்துல கெடக்குது வீடு, முன்னாடி மில்லுச் சுவரு வேற. மொட்டை மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல நின்னா ஒரு கட்டம், ரெண்டு கட்டம் எடுக்கும். இந்த முட்டியை வெச்சுட்டு நான் மாடி ஏற முடியுங்களா? இந்த மோடம் ஒண்ணுதான் எனக்குக் கதி.

என்னமோ ஒண்ணும் தெரியாத கெழவன்னு நெனைச்சிராதீங்க. மில்லுல எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், முப்பத்தி நாலு வருசம். சென்னியப்பன்னு சொன்னா இந்தப் பக்கம் அத்தனை பேருக்கும் தெரியும். பையன் ஆளை விட்டு மாட்டிட்டு ஆபீஸ் போயிட்டான், நான்தான் புஸ்தகத்தை மூணு நாள் உக்காந்து படிச்சு மோடத்துக்குள்ள போனேன். உள்ள ஒரு ஒழுங்கு இல்லீங்க! எந்தப் போன் மொதல்ல வருதோ அதுக்கு மொதல் நம்பர். கல்யாணப் பத்திரிகையில யாரு பேரை எங்க வேணா போடுவமா? நான் கையால வரிசை போட்டு, ஒரு நோட்டுலயும் எழுதி வெச்சேன். ஒண்ணு மோடத்துக்கு, அதை மாத்தக் கூடாது. ரெண்டு நான். மூணு பையன். நாலு எம்பட சம்சாரம் தெய்வாத்தா. அவளுக்குப் பட்டன் போன்தான், நம்பரே வேண்டியதில்ல. இருந்தாலும் அவளுக்குன்னு காலியா வெச்சேன், மரியாதைங்க அது. அஞ்சு டிவி. வந்து போற விருந்தாளிங்க, ஒறம்பரைக்காரங்களுக்கு நாப்பதுல இருந்து.

மருமக கோகிலவாணிக்கு நாப்பது.

சிரிக்காதீங்க. அவ இன்னொரு வீட்டுல இருந்து வந்தவதானே? ஒறம்பரை வரிசையில அவதான் மொதல், அது கௌரவமில்லீங்களா? நோட்டைப் பாத்துட்டு, “டிவிக்கும் பொறவுங்களா மாமா நானு?”ன்னு கேட்டா. சிரிச்சுட்டேதான் கேட்டா. “டிவி இந்த வீட்டுக்கு உனக்கு முன்னாடியே வந்துருச்சு அம்மணி”ன்னேன். நானும் சிரிச்சுட்டேதான் சொன்னேன்.

கெட்டவளுன்னு சொல்ல மாட்டேன் அவளை. காலைல கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை பாப்பா, சமையல் பண்ணுவா, எம்பட முட்டிக்குத் தைலம் காய்ச்சிக் குடுப்பா. ஒரே ஒரு பழக்கம். அவங்கப்பா காங்கயத்துல. பக்கவாதம் வந்து பேச்சு நின்னு போச்சு. கை ஒண்ணுதான் கொஞ்சம் அசையும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவ தம்பி போனை அவரு மூஞ்சிக்கு நேராப் புடிப்பான். ஆறரைக்கு மாத்திரையைக் குடுத்துப் படுக்கப் போட்டுருவாங்க. அந்த அரை மணி நேரம் இவ இங்க உக்காந்து பேசுவா. அந்தாளு பேச மாட்டாரு, இவளே பேசுவா. இன்னிக்கு என்ன கொழம்பு, பூனை எங்க குட்டி போட்டுச்சு, இப்படியே. அவரு அந்த ஒரு விரலைத் தூக்குனா இவ அழுவா, சிரிப்பா.

விளக்கு வெக்கற நேரத்துல ஒரு வீட்டுல பொம்பள கண்ணுல தண்ணி வரலாங்களா தம்பி? நீங்களே சொல்லுங்க. அதாச்சும் போகட்டும். பாப்பாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்குவா. பாப்பா படத்தை வரைஞ்சு அந்தாளுகிட்டத்தான் மொதல்ல காட்டும். “தாத்தா, பாருங்க தாத்தா, இது உங்களுக்கு”ன்னு. நானும் இதே சேர்லதான் உக்காந்திருப்பேன். எனக்குக் காட்டறது எல்லாம் பொறவுதான், சில நாள் அதுவுமில்ல. வயிறு எரிஞ்சுதுங்க. சொல்றதுக்கென்ன, எரிஞ்சுது.

மோடத்துக்குள்ள கடியாரப் படம் போட்ட பக்கம் ஒண்ணு இருக்குதில்ல? உங்களுக்குத் தெரியாததா? எந்த நம்பருக்கு எந்த நேரம் கதவைச் சாத்தோணும்னு எழுதி வெச்சுட்டா அதுவே சாத்தும், அதுவே தொறக்கும். நாப்பது, ஆறுல இருந்து ஆறரை, தினமும். அவ்வளவுதான் எழுதுனேன். நாள் பூராச் சாத்தல பாருங்க. அவ வேலைக்கு எடஞ்சல் இல்ல, சினிமாப் பாக்க எடஞ்சல் இல்ல. அரை மணி நேரந்தானுங்களே.

மொத நாளு போனை ஆட்டி ஆட்டிப் பாத்தா. அணைச்சுப் போட்டுப் பாத்தா. “லைன் வீக்கு அம்மணி”ன்னேன். “அரை மணி நேரம் பொறு, தானா வந்துரும்.” ஆறரைக்கு வந்துச்சு. அதுக்குள்ள அங்க மாத்திரை குடுத்துட்டாங்க. மறுக்கா அடுத்த நாளும் அப்படியே. பொறவு மாடிக்கு ஓட ஆரம்பிச்சா. டேங்க் பக்கத்துல நின்னுட்டு ‘அப்பா தெரியறனா, அப்பா தெரியறனா’ன்னு கத்தறது கீழ வரைக்கும் கேக்கும். படம் நிக்காதுங்க அங்க, விட்டு விட்டு வரும். பாப்பா கீழயே இருந்துக்கும், எம்பட பக்கத்துல. வரைஞ்சதை எனக்குக் காட்டும். வீடு வீடா இருந்துச்சுங்க அந்த ரெண்டரை மாசம்.

ஐப்பசி மாசம் ஒரு நாளு நல்ல மழை. அஞ்சே முக்காலுக்கே அவ தம்பிகிட்ட இருந்து சேதி வந்துச்சு, ‘அப்பாவுக்கு மூச்சு வாங்குது, கண்ணு போனையே பாக்குது, சீக்கிரம் வா’ன்னு. இவ கூப்பட்டா. அங்க டாக்டர் வந்திருக்காரு, அஞ்சு நிமிசம், பத்து நிமிசம்னு இழுத்துட்டான் அவன். ஆறு அடிச்சுது. நின்னுச்சு. இவ எம்பட முன்னாடி வந்து நின்னா. “மாமா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க மாமா”ன்னா.

சார்ஜ் இல்ல அம்மணின்னேன்.

இல்லீங்க, இருந்துச்சு. சட்டைப் பையிலதான் இருந்துச்சு. எம்பட போன்ல மட்டும் லைன் வந்தா என்ன நெனைப்பா? ரெண்டரை மாசமா லைன் வீக்குன்னு சொன்ன வாய். பையன் ஆபீசுல இருந்து வர எட்டு மணி ஆகும். அவ மழையில மாடிக்கு ஓடுனா. ஆறரைக்கு லைன் தானா வந்துச்சு, கீழ வெச்சுட்டுப் போன போன்… இல்ல, கைலதான் வெச்சிருந்தா, நனைஞ்சுட்டு எறங்கி வந்தா, படியில நிக்கறப்ப வந்துச்சு. ஆறு பன்னண்டுக்குப் போயிட்டாராம். நான்தான் துண்டு எடுத்துக் குடுத்தேன் தலை தொவட்டறதுக்கு. அதைய யாரும் சொல்ல மாட்டாங்க.

எப்படியும் போறவருதானுங்களே அவரு? லைன் இருந்திருந்தாப் பொழைச்சிருப்பாரா?

எல்லாரும் காங்கயம் போயிட்டாங்க. நான் முட்டியைச் சொல்லி நின்னுட்டேன். எட்டாம் நாளு பையன்கிட்ட இருந்து மெசேஜ். ‘லைன் எப்படிப்பா தெனமும் சரியா ஆறரைக்கு வருதுன்னு கோகிலா கேக்கறா. மோடத்துல என்னமோ இருக்குதுங்கறா. நான் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் தொடாதீங்க.’

எம்பட வீட்டு மோடத்தை நான் தொடக் கூடாதாம்.

உங்க கம்பெனியே ஒரு மாசமா அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு கேட்டுட்டிருந்துச்சு. புது சாஃப்ட்வேர் போட்டா எல்லாம் புதுசாயிரும்னு எழுதியிருந்துச்சு. சரி, புதுசாகட்டும்னு அழுத்திட்டேன். பத்து நிமிசம் செவப்பு விளக்கு. கரண்டு போயிரக் கூடாதுன்னு கும்பிட்டுட்டே உக்காந்திருந்தேன். பச்சை வந்துச்சு. வீட்டுல யாருமில்ல, டிவியும் அணைஞ்சு கெடக்குது. வீட்டுக்குப் பெரியவன் போன்தான் மொதல்ல சேரோணும், சேத்தேன். புதுசா ஒரு பாஸ்வேர்டு கேட்டுச்சு, அதையும் போட்டு நோட்டுல எழுதி வெச்சேன். உள்ள போயிப் பாத்தா நான் போட்ட பேரு, வரிசை, ஒண்ணுமில்ல. தொடைச்சு எடுத்தாப்பல. அப்பாடான்னு இருந்துச்சு.

பையன் வந்ததும் அந்தப் பேரு வரிசை இருந்த பக்கத்தைத் தொறந்து காட்டுனேன். “பாரு, எங்கயாச்சும் உம் பொண்டாட்டி பேரு இருக்குதா?” அவனும் பாத்தான். ஒண்ணுமில்ல. அப்பவும் அவ அழுகல, கத்தல. “மாசாணியம்மன் மேல ஆணையா நீங்க ஒண்ணும் பண்ணலீங்களா மாமா?”ன்னு மட்டும் கேட்டா. அநியாயம் நடந்தவங்க ஆனைமலையில போயி மொளகாய் அரைச்சுப் பூசற சாமி அது, தெரியுமில்ல உங்களுக்கு? அந்தச் சாமி பேரை இழுத்தா. நானும் சளைச்சவனா? கற்பூரத்தை ஏத்தி அது மேல கையடிச்சுச் சொன்னேன், நான் ஒண்ணும் பண்ணலைன்னு. பையன் என்னையே பாத்துட்டு நின்னான். “நீங்க சொல்றதை நம்பறேன்பா. ஆனா என்னிக்காச்சும் நீங்க பண்ணுனதுதான்னு தெரிஞ்சா, பாப்பாவை நீங்க பாக்கறது அன்னிக்கோட சரி”ன்னான். அடுத்த நாள் அந்த நோட்டை வெந்நி அடுப்புல வெச்சுட்டேன். நாப்பதாம் நம்பருக்கு நேரா எழுதி வெச்சிருந்தேனே, அது எதுக்கு வீட்டுல? பாஸ்வேர்டும் அதோட எரிஞ்சு போச்சு. அதனாலதான் உங்களைக் கூப்பட வேண்டியதாப் போச்சு.

அதுக்கப்பறம் ஒரு வாரம் இருந்தா இங்க. தெனமும் ஆறு மணிக்குப் போனைக் கைல வெச்சுட்டு உக்காருவா. யாரையும் கூப்பட மாட்டா, சும்மா பாத்துட்டு உக்காருவா. ஒரு நாளு என்னையப் பாத்து, “அப்பா போனதுக்கப்பறம் லைன் நல்லா இருக்குது மாமா”ன்னா. அவ்வளவுதான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. நான் எத்தனை பொறுக்கறது? அந்த ஞாயித்துக்கெழமை ஓசூருக்கு மாத்தல் வாங்குன பையன் பொண்டாட்டி புள்ளையோட கெளம்பிட்டான். பாப்பாவைப் பாத்துக்கறேன்னு தெய்வாத்தாளும் பொட்டியைத் தூக்கிட்டா. நாப்பத்தாறு வருசம் என்கூட இருந்தவ. மூணு வேளையும் மெஸ்ஸுல இருந்து டிபன் கேரியர் வருது எனக்கு. உப்பே இருக்கறதில்ல.

இப்ப சொல்லுங்க, தப்பு யாரு மேல? ஒரு குடும்பத்தையே பிரிச்சுட்டுப் போனாளே, அவ மேலதானே? ஆறு மணின்னு நேரம் குறிச்சதும் அவளாத்தான் இருக்கும்.

என்ன தம்பி, வேலையை விட்டுட்டு என்னையே பாக்கறீங்க? மணி அஞ்சு அம்பது. கிடைச்சுதா கோளாறு?

எம்பட போன் என்ன நம்பரா? ரெண்டு. நான்தான் சொன்னனே.

நாப்பதா? நாப்பது அவளுதுங்க. சரியாப் பாருங்க. இங்க கொண்டாங்க உங்க போனை, கண்ணாடி எங்க வெச்சேன்… ம். சென்னியப்பன் போன். நாப்பது. ஆறுல இருந்து ஆறரை. தினமும்.

பாத்தீங்களா! பாத்தீங்களா பண்ணுன வேலையை! போகும்போது எனக்குப் பூட்டுப் போட்டுட்டுப் போயிருக்கறா! கெட்டவ இல்லைன்னு சொன்னேனே என் வாயால, எனக்குக் கெடுதல் பண்ண…

போட்ட தேதியா? அதும் இருக்குதா உள்ள? ஆகஸ்டு பதினெட்டு.

ஆகஸ்டு பதினெட்டு நான் போட்டதுதான்.

அப்போ அப்டேட்டுல பேரும் வரிசையும்தான் போச்சு. பூட்டு போகல, அந்தக் கடியாரப் பக்கத்தை அன்னிக்கு யாரும் தொறந்து பாக்கல. ஒறம்பரை வரிசை நாப்பதுல ஆரம்பிக்கட்டும்னு நான் வெச்சதும் போகல. மொதல்ல வந்த போனுக்கு நாப்பதைக் குடுத்துருச்சு. மொதல்ல சேத்தது நான்.

சரி. சரிங்க. எடுத்து விடுங்க அதை. இன்னும் எட்டு நிமிசம் இருக்குது. ஒரு தட்டுதானே? தட்டுங்க.

இருங்க, இருங்க. என்ன சொன்னீங்க? யாருக்கு மெசேஜ் போகும்?

கனெக்சன் அவன் பேர்லதான் இருக்குது, ஆமா. நீங்க எதை மாத்துனாலும் என்ன மாத்துனீங்க, எப்பப் போட்டதுன்னு அவன் போனுக்குத் தானாப் போயிருமா? தேதியோடவா? ஆகஸ்டுன்னு போகுமா? வேற ஏதாச்சும் எழுதுங்க தம்பி. வயரு கெட்டிருந்துச்சு, எலி கடிச்சுதுன்னு எழுதுங்க. முடியாதா? பின்னாடி ஊசி குத்தற ஓட்டை இருக்குதே, அதுல குத்தி எல்லாத்தையும் அழிச்சுட்டா? மறுக்கா தொறக்கறதுக்கு அவன் போனுக்குத்தான் ஓடிபி நம்பர் வருமா? எதுக்குன்னு கேப்பான். கேக்காம இருப்பானா? அவன் அம்மா மாதிரிங்க அவன், விடவே மாட்டான்.

கைய எடுங்க. தொடாதீங்க. தொடாதீங்கன்னா!

உங்க போனா? உங்க போன்ல பாப்பாவைக் கூப்படச் சொல்றீங்களா? உங்களுதுல இந்த மோடம் லைன் நல்லா வருது, ஆமா, பாத்தேன். வேண்டாங்க. யாரு போனுப்பா இதுன்னு கேப்பான். லைன் சரி பண்ண வந்தவருன்னா, என்ன கோளாறுன்னு உங்ககிட்டயே கேப்பான். நீங்க என்ன சொல்லுவீங்க? சொல்லுங்க பாக்கலாம். மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்குது. இத்தனையும் கேட்டுட்டு நீங்க எனக்காகப் பொய் சொல்ல மாட்டீங்க.

உள்ள வைங்க போனை. சார்ஜ் இல்லைன்னு நெனைச்சுக்கறேன்.

அழுகட்டுங்க. கொழந்தைதானே, ரெண்டு நாள் அழுகும், மறந்துரும். தாத்தன் எடுக்கலைன்னு இருந்தா என்னிக்காச்சும் ஒரு நாள் மனசு மாறி வருவாங்க. தாத்தன்தான் பண்ணுனான்னு தெரிஞ்சா? அதுக்கு மேல என்ன இருக்குது எனக்கு?

மூடி வைங்க. பையை எடுத்துக்கங்க. நீங்க ஒண்ணும் மாத்தலைல்ல? ஒண்ணும் தொடலைல்ல? நல்லது. வந்ததுக்கு ஏதாச்சும் எழுதோணுமில்ல நீங்க? லைன் வீக்குன்னு எழுதிக்கங்க. அதையே எழுதுங்க.

மணி அடிக்குது பாருங்க. ஆறு. கதவைச் சாத்திட்டுப் போங்க தம்பி, நான் விளக்கு வெக்கோணும். என்னைய அப்படிப் பாக்காதீங்க. அரை மணி நேரந்தானுங்களே. தானா வந்துரும்.